பல் பதிந்த கத்தி

மாரண்டஹள்ளி
2 ஆகஸ்ட் 2024

ஆனந்து,

நீ ஓசூரிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட பெட்டி வந்து சேர்ந்தது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நானும் இல்லை, நீயும் இருக்க மாட்டாய். பெட்டியை இறக்கும்போதே கண்டக்டர், "ஏங்க்கா, போன வாரம் நீங்க ஏத்திவுட்ட பெட்டியாட்டமே இருக்குதுங்களே" என்று சிரித்தார். அதே பெட்டிதான். நான் கட்டிய கயிறுகூட மாறவில்லை.

உள்ளே துண்டுச் சீட்டில், "கோடு விழுந்த சரக்கு. பாலிஷ் போட்டு அனுப்பவும். இப்படிக்கு மரிய ஆனந்த்" என்று எழுதியிருக்கிறாய். சொந்த அக்காவுக்கு எழுதுகிற லட்சணமாடா இது? போனில் பேச முடியவில்லை என்று குறை வேறு. உன் நம்பரை ஏன் தடுத்து வைத்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும். பெரியம்மாளும் பூவரசனும் பக்கத்தில் நின்று கேட்க, ஸ்பீக்கரில், "உனக்குக் கத்தி அடிக்கத்தான் தெரியும், யாவாரம் தெரியாது" என்று கத்தினாய். என்னிடம் கூலிக்கு வேலை செய்கிறவர்கள் எதிரில் என்னை ஒருத்தன் அப்படிப் பேசினால், அவன் தம்பியாக இருந்தாலும் இனி எழுதித்தான் பேச வேண்டும். எழுதும்போது கத்த முடியாது பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அது கோடு இல்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் பல் பதிந்த தடம். ஒவ்வொரு கத்தியையும் பிடி போடுவதற்கு முன்னால் வைஸில் இறுக்கி, அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை வளைக்கிறோம். வளைந்து தானாகத் திரும்பி நேராக நின்றால் அது கத்தி. வளைந்தபடியே நின்றாலோ, பட்டென்று முறிந்தாலோ அது இரும்புத் துண்டு. இறுக்குகிற இடத்தில், பிடிக்குக் கொஞ்சம் மேலே, வைஸின் பல் பதியும். அலகில் பல் இருந்தால் பார்த்த கத்தி, இல்லாவிட்டால் பார்க்காத கத்தி. குவியலில் கிடக்கும்போது எங்களுக்கு வேறு அடையாளம் கிடையாது.

நம் வூட்டில் எந்தக் காலத்திலும் யாரும் கொல்லுப்பட்டறை வைத்ததில்லை. தக்காளிக்காடு வைத்திருந்தவர்கள் நாம். நான் லாரி ஒர்க் ஷாப்பில் வெல்டிங் வேலைக்குப் போய், அங்கே கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டையைப் பார்த்து இந்த வேலைக்கு வந்தவள். முதல் சந்தையில் என் கத்தியைக் கையில் எடுத்த ஆட்கள், "பொம்பள அடிச்சதா?" என்று கேட்டுக் கீழே வைத்தார்கள். அன்றைக்கு அவர்கள் கண் முன்னால் கத்தியை வளைத்துக் காட்டித்தான் விற்றேன். அந்தப் பழக்கத்தை விட மாட்டேன். அந்தத் தடத்தை அழிக்கவும் மாட்டேன்.

பெட்டியை அப்படியே திருப்பி ஏற்றிவிடுகிறேன். கயிறை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மேரி

*

ஓசூர்
9 ஆகஸ்ட் 2024

அக்கா,

கயிறு நன்றாக இருந்தது. பெட்டியைப் பார்த்ததும் கவிப்பிரியா, "உங்க அக்காவும் நீங்களும் இந்தப் பெட்டியை வச்சிப் பந்து வெளையாடறீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் பெண்டாட்டியே சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ சந்தையில் விற்ற காலம் வேறு. இங்கே என் கடைக்கு வருகிறவன் பெங்களூரில் பிளாட் வாங்கினவன். கத்தியை எடுத்ததும் முகம் தெரிகிறதா என்று அலகில் பார்க்கிறான். பிடிக்குப் பக்கத்தில் எலி கடித்த மாதிரி வரிசையாகப் புள்ளி. "செகண்ட் ஹாண்டா?" என்று கேட்கிறான். "இல்லைங்க, இது எங்க அக்கா வளைச்சிப் பார்த்த தடம்" என்று சொன்னால், "புதுசை ஏன் வளைச்சாங்க?" என்கிறான். நாள் முழுக்க இதற்கே வாய் வலிக்கிறது. நீ அடிக்கிறாய் அக்கா, ஒத்துக்கொள்கிறேன். விற்பது நான்தானே?

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, வைஸின் பல்லுக்கும் கத்திக்கும் நடுவில் தோல் வைத்து இறுக்கு. இரண்டாவது, வளைப்பதையே விடு. நான் பேக்டரியில் குவாலிட்டி செக்ஷனில் இருந்தபோது விரிசல் பார்க்க எளிதான வழி ஒன்று வைத்திருந்தோம். உருப்படியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் தூளில் ஊறி, மயிர் மாதிரி ஒரு கோடு தெரியும். இல்லாவிட்டால் தெரியாது. கத்திக்குத் தழும்பும் இல்லை, உன் தோள்பட்டைக்கு வலியும் இல்லை.

நான் படித்த திமிரில் சொல்வதாக நினைக்காதே. உன் கத்தி நல்ல கத்தி. அது முகத்தில் புண்ணோடு கடைக்கு வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனந்து

*

மாரண்டஹள்ளி
14 ஆகஸ்ட் 2024

ஆனந்து,

தோல் வைத்துப் பார்த்தேன். வழுக்குகிறது. வழுக்கினால் கத்தி கோணலாகத் திருகி, நல்லதும் கெட்டுப்போகிறது. ஒன்று திருகி வந்து பூவரசன் வயிற்றுக்கு நேராக நின்றது. தோலைத் தூக்கிச் செருப்புத் தைக்கிறவருக்குக் கொடுத்துவிட்டேன்.

சாக்பீஸ் விஷயம் படித்துப் பட்டறையே சிரித்தது. கத்தியைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, பொட்டு வைத்துப் பெண் பார்க்கக் கூட்டிப்போகச் சொல்கிறாய். தேங்காய் வெட்டப்போகிற கத்திக்கு அழகு பார்க்கிறவன் வேறு கடைக்குப் போகட்டும். "செகண்ட் ஹாண்டா?" என்று கேட்பவனிடம், "ஆமாங்க, எங்க அக்கா கை முதல்ல, உங்க கை ரெண்டாவது" என்று சொல். வாங்கினால் வாங்கட்டும்.

பாலிஷ் கிடையாது.

மேரி

*

ஓசூர்
21 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை அன்புள்ள என்றே போட்டிருக்கிறேன், கவனித்தாயா?

ஜெயித்தது நீ. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மெஸ் வைத்திருக்கும் ஒருவர் உன் கத்தி இரண்டை வாங்கிப்போனார். இரண்டு மாதமாக ஆட்டுக்கால் எலும்பு வெட்டியும் வாய் உடையவில்லையாம். அவர் போகிற இடமெல்லாம், "பல்லு பதிஞ்ச கத்தியா பார்த்து வாங்குங்க, அது ஒடையாது" என்று சொல்லிவிட்டிருக்கிறார். இப்போது கடைக்கு வருகிறவன் அலகில் முகம் பார்ப்பதில்லை. கட்டை விரலால் தடவிப் பல் இருக்கிறதா என்று பார்க்கிறான். பெங்களூரிலிருந்து ஒரு அம்மா காரில் வந்து, "டீத் மார்க் இருக்கறது மட்டும் குடுங்க" என்றார். பல் இல்லாமல் பளபளவென்று இருக்கிற மற்ற கத்திகள் எல்லாம் அலமாரியில் தூசி படிகின்றன. நான் எத்தனை பேரிடம் இதற்காக மன்னிப்புக் கேட்டிருப்பேன், யோசித்துப் பார்!

இதில் ஒரு தொல்லை இருக்கிறது. நீ அனுப்புவது கையளவு. கிறிஸ்துமஸ் வருகிறது, பொங்கல் வருகிறது. பெங்களூரில் சமையல் சாமான் விற்கிற ஒரு கம்பெனி மொத்தமாகக் கேட்கிறது. இங்கே பக்கத்தில் ஒரு பட்டறை பார்த்தேன், வேலை சுத்தமாக இருக்கிறது. அவர்களிடம் அடிக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளட்டுமா? நம் பேரிலேயே போகும். நீ சரி என்றால் சரி.

ஆனந்து

*

மாரண்டஹள்ளி
25 அக்டோபர் 2024

ஆனந்து,

சரி இல்லை.

அவர்கள் அடிக்கட்டும், நீ வில், எனக்கு வருத்தமில்லை. என் வைஸில் ஏறாத கத்தியில் பல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நான் வேகமாக அடிக்க வேண்டுமானால் பாலக்கோட்டிலிருந்து இன்னும் இரண்டு பேரை வேலைக்குச் சேர்க்க முடியும். அவர்கள் கை பழக மாதங்கள் ஆகும். பெங்களூர் கம்பெனி காத்திருந்தால் காத்திருக்கட்டும். காத்திருக்காவிட்டால் அவர்களுக்குக் கத்தி அவசரம், எனக்கு இல்லை.

கிறிஸ்துமஸுக்குக் கவிப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு வா. குடில் வைக்கக் கோவிலில் என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். வராமல் இருந்துவிடாதே.

மேரி

*

மாரண்டஹள்ளி
11 ஜனவரி 2025

மரிய ஆனந்த் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ ஏன் வரவில்லை என்று இன்றைக்குத் தெரிந்தது. கடையில் கூட்டம் என்று கவிப்பிரியா சொன்னாள். பாவம், அந்தப் பெண் நம்பித்தான் சொல்லியிருப்பாள்.

காலையில் உலையில் முதல் பட்டையை வைத்தபோது ஒருவர் வாசலில் வந்து நின்றார். இடது கை முழுக்கக் கட்டு. தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம், பேர் பச்சியப்பன், கத்தி ஓசூரில் உன் கடையில் வாங்கியதாம். சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய இரண்டு துண்டை எடுத்து, நான் இரும்பு அடிக்கிற அடைகல்லின் மேல் வைத்தார். "ஏம்மா, பல்லு பதிஞ்ச கத்தி அடிக்கிற மேரி நீதானே? இது ஒடையாதுன்னு சொன்னாங்க. கோழி வெட்டறப்ப ஒடைஞ்சி என் கையில ஏறிடிச்சி" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. இரண்டு விரல் மடங்கவில்லை, ஆனந்து. நரம்பு போய்விட்டதாம்.

நான் கத்தியைக் கையில் எடுத்ததும் தெரிந்துகொண்டேன். நிஜமாக வளைத்த கத்தியில் பல் ஒரே மாதிரி பதியாது. வளைக்கிற பக்கத்து மேல் வரிசை ஆழமாக இறங்கும், கீழ் வரிசை மேலோட்டமாக இருக்கும். இதில் எல்லாப் பல்லும் ஒரே ஆழம், அளவெடுத்து அடித்த பொட்டு மாதிரி. யாரோ வைஸில் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். வளைக்கவே இல்லை. முறிந்த இடத்தில் கல் உப்பை உடைத்த மாதிரி பெரிய பெரிய மணி. சூடு அதிகமாகக் காட்டி, எண்ணெயில் தோய்த்து எடுத்துவிட்டு, மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்தாமல் விட்டிருக்கிறார்கள். அரம் போட்டால் வழுக்குகிற அளவுக்குக் கெட்டி. வைஸில் ஒரே ஒரு தடவை வளைத்திருந்தால் அங்கேயே கண்ணாடி மாதிரி போயிருக்கும். அந்த ஒரு தடவையைத்தான் நீ மிச்சம் பிடித்திருக்கிறாய்.

தடத்தை அழிக்கச் சொன்னாய், அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக நீ தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு சோதனையை அழித்துவிட்டாய்.

இது என் கத்தி இல்லை என்று பச்சியப்பனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் விரல் மடங்குமா? "என் பேர்ல வந்திருக்குது, நான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னேன். இனி உனக்கு ஒரு கத்திகூட வராது. விற்றதை எல்லாம் திரும்ப வாங்கு.

மேரி

*

ஓசூர்
15 ஜனவரி 2025

அக்கா,

ஆமாம், அந்தப் பல்லை நான்தான் வைத்தேன். ஒளித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

சோதிக்காமல் விற்றேன் என்று மட்டும் சொல்லாதே. வந்த ஒவ்வொரு கத்தியையும் நானும் கவிப்பிரியாவும் மண்ணெண்ணெயில் போட்டு எடுத்துச் சாக்பீஸ் தூவிப் பார்த்தோம். கோடு தெரிந்ததை எல்லாம் ஒதுக்கித் திருப்பி அனுப்பினேன். என் கணக்கில் அவை பார்த்த கத்திகள். பார்த்ததற்கு அடையாளம் வேண்டுமே, வாடிக்கையாளருக்குத் தெரிந்த அடையாளம் பல்தானே என்று வைஸில் வைத்து இறுக்கினேன். விரிசல் இல்லாத கத்தி கெட்டித்தன்மையால் மட்டும் உடையும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அது என் பிழை. பச்சியப்பனைப் போய்ப் பார்த்துவிட்டேன். சேலத்தில் கைக்குத் தனி டாக்டர் இருக்கிறார், அவரிடம் கூட்டிப் போகிறேன். நீ சொல்லித்தான் செய்ய வேண்டும் என்று இல்லை.

ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் படி. உன் கத்தி ஒன்றுகூட உடையாது என்று உனக்கு யார் சொன்னது? நீயே உன்னிடம் சொன்னாய். அதைக் கேட்டு மெஸ்காரர் சொன்னார், ஊர் சொன்னது, நீயும் நம்பிவிட்டாய். என் சோதனையைப் பவுடர் பூசுவது என்று பட்டறையோடு சேர்ந்து சிரித்தாயே, ஒரே ஒரு கத்தியிலாவது செய்து பார்த்தாயா?

அதே வைஸைக் கடை மேசையில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டேன். வருகிற ஞாயிறு, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரத்தில், கடையில் இருக்கிற எல்லாக் கத்தியையும் எல்லோர் எதிரிலும் வளைக்கப் போகிறேன். அவர்களுடையதும் உன்னுடையதும். விற்றுப்போன கத்தியையும் கொண்டுவரச் சொல்லிக் கடை முன்னால் போர்டு எழுதி வைத்திருக்கிறேன். உடைந்தால் உடையட்டும். எனக்கும் மானம் இருக்கிறது, உனக்கு மட்டும் இல்லை.

ஆனந்து

*

ஓசூர்
20 ஜனவரி 2025

அக்கா,

நேற்று வளைத்தேன்.

முதலில் அந்தப் பட்டறைக் கத்திகள். நாலில் ஒன்றாவது போயிருக்கும். ஒவ்வொன்று முறியும்போதும் ஜனங்கள் "ஐயோ" என்கிறார்கள், எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. ஒரு ஆள், "இதையாய்யா எனக்கு வித்தே?" என்று முறிந்த துண்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஆமாங்க, இதைத்தான் வித்தேன், அதனாலதான் வளைக்கிறேன்" என்றேன். அடிக்க வந்தவர் நின்றுவிட்டார். பெங்களூர் கம்பெனிக்கு யாரோ வீடியோ அனுப்பிவிட்டார்கள். சாயங்காலமே ஆர்டர் ரத்து. போகட்டும்.

பிறகு உன்னுடையதை எடுத்தேன். ஒவ்வொன்றும் வில் மாதிரி வளைந்து திரும்பி நின்றது. கை தட்டினார்கள் அக்கா. எனக்கு வயிற்றெரிச்சலும் பெருமையும் ஒன்றாக வந்தது, இரண்டையும் எப்படிச் சேர்த்து விழுங்குவது என்று தெரியவில்லை. நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு பெட்டியின் அடியில் உன் கத்தி இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. கடையில் நானும் கவிப்பிரியாவும் மட்டும். மிச்சம் வைக்க வேண்டாம் என்று அதையும் வளைத்தேன். ஒன்று முறிந்தது.

பல் நீ பதித்ததுதான். மேல் வரிசை ஆழம், கீழ் வரிசை மேலோட்டம். நீ சொல்லிக் கொடுத்தபடி பார்த்தேன், இரண்டு தடவை பார்த்தேன். வேறு யார் கத்தியாகவாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுகூடப் பார்த்தேன்.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. யாரும் பார்க்கவில்லை அக்கா. கவிப்பிரியா வாய் திறக்க மாட்டாள். துண்டைத் துணியில் சுற்றி இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உலையில் போட்டுவிடு. என் பேர் போய்விட்டது, அது என்னோடு போகட்டும். உன் பேருக்கு எதுவும் ஆகவில்லை.

ஆனந்து

*

மாரண்டஹள்ளி
24 ஜனவரி 2025

ஆனந்து,

பெட்டியைப் பிரித்ததும் பெரியம்மாளை அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். என் கத்திதான். தீபாவளிக்கு முன்னால் அடித்தது. உன்னோடு சண்டை, தோள்வலி, காய்ச்சல், எதையாவது சாக்காகச் சொல்லலாம் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத்தான் அடித்தேன். அப்படியும் உடைந்திருக்கிறது.

முறிந்த முகத்தை வெயிலில் வைத்துப் பார். பாதி வெள்ளி மாதிரி புதுசாக இருக்கும். பாதி கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும். வெள்ளைப் பாதி உன் வைஸில் முறிந்தது. கறுப்புப் பாதி எண்ணெயில் தோய்க்கும்போதே விட்ட விரிசல், பிறகு இளஞ்சூட்டில் கறுத்துவிட்டது. அந்த விரிசலோடுதான் என் வைஸில் ஏறியிருக்கிறது. நான் வளைத்தேன், திரும்பி நின்றது, பல் பதிந்தது, நல்ல கத்தி என்று குவியலில் போட்டேன். என்னிடம் தாக்குப் பிடித்தது உன்னிடம் விட்டுவிட்டது. நடுவில் இன்னொரு பச்சியப்பன் வாங்கிப் போயிருந்தால்?

உன் சாக்பீஸ் அதைக் காட்டியிருக்கும். நேற்று இன்னொரு குவியலை மண்ணெண்ணெயில் போட்டு எடுத்தேன். ஒரு கத்தியில் முதுகோரமாக மயிர்க்கோடு வந்தது. அதிலும் என் பல் இருந்தது. பட்டறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. உன் சோதனைக்குத் தப்பியது என் சோதனையில் மாட்டும், என்னுடையதற்குத் தப்பியது உன்னுடையதில் மாட்டும். இனி இரண்டும் உண்டு. சாக்பீஸ் இங்கே ஸ்கூல் கடையில் இருப்பதெல்லாம் மாவாக உதிர்கிறது. நீ வைத்திருப்பது எதுவோ அதில் இரண்டு பெட்டி அனுப்பு.

கடைசியாக நீ செய்ததைப் பற்றி. பாசத்தில் செய்தாய், தெரியும். படித்ததும் அழுதுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது. உன் கத்தி முறிந்தால் ஊர் எதிரில் முறியும், என்னுடையது முறிந்தால் துணியில் சுற்றி உலைக்குப் போகுமா? அப்புறம் நான் அந்தப் பட்டறைக்காரர்களைவிட எந்த விதத்தில் ஒசத்தி? என்னை யாரும் ஒளித்துக் காப்பாற்ற வேண்டாம்டா. பொம்பளை அடித்த கத்தி என்று அன்றைக்குக் கீழே வைத்தார்களே, அவர்களும் வந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டுச் சிரிக்கிறவன் சிரிக்கட்டும், வாங்குகிறவன் வாங்கட்டும்.

துண்டு இரண்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கறுப்புப் பாதி வெளியே தெரியும்படி கடை வாசலில் மாட்டு. கீழே, "மாரண்டஹள்ளி ராஜமேரி அடித்தது, ராஜமேரி பார்த்தது, உடைந்தது" என்று பெரிய எழுத்தில் எழுது. உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், கவிப்பிரியாவை எழுதச் சொல்.

உன் நம்பரைத் திறந்துவிட்டிருக்கிறேன். மாட்டியதும் போட்டோ எடுத்து அனுப்பு. உள்ளே அலமாரிக்குப் பின்னால் மாட்டிவிட்டு வாசலில் மாட்டினேன் என்று சொல்லாதே, நான் பஸ் ஏறி வந்து பார்ப்பேன்.

அதே பெட்டிதான், அதே கயிறுதான். அடியில் காகிதத்தில் ஆணி இரண்டு சுற்றி வைத்திருக்கிறேன். நானே அடித்தது. அதையும் வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

மேரி